எழுபத்திரண்டில் ஒரு பங்கு

(கோவையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடைக்கு வழக்கமாகக் கம்பனும் பாரதியும் வருவார்கள். இன்று பிளாஸ்டிக் விமானம் வந்திருக்கிறது. அமைப்பாளர்கள் துணிந்துவிட்டார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டியது உங்கள் பாடு.

யாரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட வயதில் பிளாஸ்டிக் பாகங்களைப் பசை போட்டு ஒட்டி விமானம் செய்தவர்கள். காலேஜ் போனதும் விட்டவர்கள். அப்புறம் வேலை, கல்யாணம், வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு. எல்லாம் ஒருவழியாக ஓய்ந்தபின், ஐம்பதிலோ அறுபதிலோ, மறுபடியும் ஒரு கிட் வாங்கிப் பெட்டியைத் திறப்பவர்கள். இங்கிலாந்தில் இந்தத் தொழில் இன்று நிற்பதே பெருமளவு இப்படித் திரும்பி வந்தவர்கள் காசில்தான். நம் ஊரில் நாங்கள் சொற்பம். ஆனாலும் இருக்கிறோம்.

ஏன் திரும்பி வருகிறார்கள் என்று கேட்டால், இளமை ஏக்கம் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஏக்கம் முதல் பெட்டியை வாங்க வைக்கும், சரி. இரண்டாவது பெட்டியை உட்கார்ந்து முடிக்க வைப்பது எது? என் பேச்சு முழுக்க அந்த இரண்டாவது பெட்டியைப் பற்றித்தான்.

நான் வேலை பார்த்தது டூல் ரூமில். பம்ப் பாகங்களுக்கும் மோட்டார் பாகங்களுக்கும் டை செய்கிற வேலை. இந்த ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிலர் என்னைவிட நல்ல ஃபிட்டர்கள். அதனால் என் பேச்சில் எஃகு வாசனை தூக்கலாக இருந்தால் மன்னிக்க வேண்டும்.

எங்கள் சிறுவயதில் கிட் என்பது கடையில் போய் வாங்குகிற சரக்கு இல்லை. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாராவது ஒரு மாமா வந்தால் உண்டு. என்.சி.சி. ஏர் விங்கில் சேர்ந்த பையன்களுக்குப் பால்சா கட்டையும் டோப் வார்னிஷும் கிடைக்கும். அந்த வாசனை இன்னும் சிலர் மூக்கில் இருக்கும். அது பறக்கிற இனம். நான் பேசுவது பறக்காத இனம்.

பறக்காத இனத்துக்கு 1936-இல் இங்கிலாந்தில் ஒரு நல்ல பெயர் வைத்தார்கள். ஃப்ராக் என்ற கம்பெனி அதுவரை ரப்பரை முறுக்கிப் பறக்கவிடும் விமானங்களை விற்றுக்கொண்டிருந்தது. அலமாரியில் சும்மா நிற்கிற விமானத்தை செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக்கில் போட்டபோது, அந்த வரிசைக்குப் ‘பெங்குவின்’ என்று பெயர் சூட்டியது. பறவைதான், பறக்காது. அதன் அளவு எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அங்குலக் கணக்கில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபம்: ஆறு அடி என்பது 72 அங்குலம். ஆக, ஆறடி உயரமுள்ள பைலட் ஓர் அங்குலம் ஆகிவிடுகிறார்.

இந்த அளவு நிலைத்ததில் போருக்கும் பங்குண்டு. வானத்தில் போகிறது நம் விமானமா எதிரி விமானமா என்று நொடியில் சொல்லத் தெரியாவிட்டால், தன் ஆளையே சுட்டு வீழ்த்தும் கதைதான். 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மாடல் விமானங்கள் கேட்டது. மரத்தில் செதுக்கி, கறுப்பு அடித்து, எல்லாம் 1/72-இல். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படி ஒரு மாடலை 35 அடி தள்ளி வைத்துப் பார்த்தால், நிஜ விமானத்தை 2,520 அடியில், அதாவது ஏறக்குறைய அரை மைல் தூரத்தில் பார்ப்பதற்குச் சமம். வகுப்பறைக்குள்ளேயே வானம் வந்துவிடுகிறது. பையன்கள் விளையாட்டுக்குச் செய்தது சிப்பாய்களுக்குப் பாடமானது.

போருக்குப் பிறகு இந்தத் தொழிலுக்கு வந்ததுதான் ஏர்ஃபிக்ஸ். ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கோலஸ் கோவ் என்பவர் 1939-இல் தொடங்கிய கம்பெனி. முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகள், அப்புறம் தலை சீவும் சீப்பு. இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் கையில் இருந்ததால் 1949-இல் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனிக்காக ஒரு சின்ன டிராக்டர் மாடல் போட்டார்கள். ஐம்பதுகளின் முற்பகுதியில் ‘கோல்டன் ஹைண்ட்’ என்ற பாய்மரக் கப்பல், வுல்வொர்த்ஸ் கடைகளில் இரண்டு ஷில்லிங். பெட்டி வைத்தால் விலை ஏறும் என்று பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே ஒரு காகிதத்தை மடித்து அடித்து விற்றார்கள். பிறகு ஸ்பிட்ஃபயர் போர் விமானம். பையன்களின் பாக்கெட் மணிக்குக் கட்டுப்படியான விலை. அடுத்த இருபத்தைந்து வருடம் கம்பெனி அதில்தான் ஓடியது.

பிறகு எண்ணெய் நெருக்கடி வந்து பிளாஸ்டிக் விலை ஏறியது. பையன்கள் வேறு விளையாட்டுக்குப் போனார்கள். 1981-இல் ஏர்ஃபிக்ஸ் நொடித்தது. கை மாறி, கை மாறி, 2006-இல் ஹார்ன்பி கம்பெனியிடம் வந்து சேர்ந்தது. நடுவில் டைகள், அதாவது பாகங்களை வார்க்கும் எஃகு அச்சுகள், கடல் தாண்டி பிரான்சுக்குப் போயின. டூல் ரூம்காரனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கம்பெனி செத்தாலும் டை சாகாது. நல்ல எஃகில் வெட்டிய டை மனிதனைவிட அதிக நாள் இருக்கும்.

ஃப்ராக் கதை இன்னும் ருசியானது. எழுபதுகளின் நடுவில் அது மூடியபோது டைகளை சோவியத் யூனியன் வாங்கிக்கொண்டது. ஆனால் ஜெர்மன், ஜப்பானிய விமானங்களின் டைகள் அங்கே வேண்டியிருக்கவில்லை. போர் முடிந்து முப்பது வருடம் ஆகியும் எதிரி எதிரிதான். அந்த டைகள் ரெவெல் கம்பெனிக்குப் போயின. ஒரு எஃகுக் கட்டிக்கு அரசியல் நிலைப்பாடு இருக்க முடியும் என்று எங்கள் தொழிலில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சரி, இப்போது பெட்டியைத் திறப்போம்.

கிட்டைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது விமானத்தை இல்லை. பாகங்கள் தொங்குகிற சட்டத்தைப் பார்ப்பேன். அதை ஸ்ப்ரூ என்று மாடல்காரர்கள் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்திருக்கிறது, எந்தப் பாகத்துக்கு முதலில் போயிருக்கிறது, எங்கே போய்ச் சேரச் சிரமப்பட்டிருக்கிறது, எல்லாம் அதில் தெரியும். பாலிஸ்டைரின் இருநூறு டிகிரிக்கு மேல் உருகி, பெரிய அழுத்தத்தில் எஃகுக் குழிக்குள் பாய்கிறது. ஆறும்போது அரை சதவீதம் போலச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் எடுத்து டையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டியிருப்பான் ஒருவன். கனமான இடம் மெதுவாக ஆறிக் குழி விழும். அந்தக் குழி வெளியே தெரியாத பக்கமாக விழும்படி யோசித்திருப்பான். பாகத்தைத் தள்ளி வெளியேற்றும் எஜெக்டர் பின் ஒரு வட்டத் தழும்பு விடும். அந்தத் தழும்பு பைலட்டின் சீட்டுக்குக் கீழே வருகிறதா, முதுகுக்குப் பின்னால் வருகிறதா என்பதை வைத்தே டை செய்தவன் மாடல் கட்டத் தெரிந்தவனா என்று சொல்லிவிடலாம்.

பத்து வயதில் இதெல்லாம் எனக்குத் தெரியுமா? ஒட்டினேன், கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினேன், வாயால் எஞ்சின் சத்தம் போட்டேன். அது முழு சந்தோஷம். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே சந்தோஷத்தைத் தேடி வருகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். ஏர்ஃபிக்ஸ் கம்பெனிக்கு இது தெரியும். அதனால்தான் பழைய டைகளிலேயே மறுபடி அடித்து, பழைய பெட்டிப் படத்தையே போட்டு, ‘விண்டேஜ் கிளாசிக்ஸ்’ என்று தனி வரிசை விற்கிறார்கள். ஓவியர் ராய் கிராஸ் வரைந்த அந்தப் படங்களைப் பார்த்தால் கை தானாகவே பர்ஸுக்குப் போகும். திறந்து பார்த்தால் இரண்டு பாதிகளும் சேராது. இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளி. ரிவெட்டுகள் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். பையன் கண்ணுக்குப் படாத இடைவெளி அறுபது வயதுக்காரர் கண்ணுக்கு மட்டும் பூதக்கண்ணாடி இல்லாமலே தெரியும். திரும்பி வருகிற நண்பர்களுக்கு நான் சொல்வது: அந்தப் பெட்டியை வாங்குங்கள், படத்தைச் சட்டம் போட்டு மாட்டுங்கள், கட்டுவதற்கு வேறு எடுங்கள்.

அந்த இடைவெளிக்கு மாஸ்டர் செய்தவரையோ டைமேக்கரையோ நான் குறை சொல்லமாட்டேன். அன்றைக்கு நடைமுறை அப்படி. முதலில் பெரிய அளவில் மரத்தில் மாஸ்டர் செதுக்குவார்கள். அதைத் தொட்டுத் தொட்டு ஒரு முனை நகர, இன்னொரு முனை பாண்டோகிராஃப் மெஷினில் சின்ன அளவாக எஃகைக் குடையும். மாஸ்டரில் உள்ள பிழை எஃகில் வரும். இன்றைக்குக் கணினியில் வரைந்து, தாமிரம் அல்லது கிராஃபைட் எலெக்ட்ரோடால் ஸ்பார்க் எரோஷன் முறையில் எஃகைக் குடைகிறார்கள். விமானத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் பேனல் கோடுகள் முன்பு மேலே புடைத்து நின்றன. காரணம் சுலபம்: டையில் ஒரு கோடு கீறினால் பாகத்தில் அது புடைப்பாக வரும். பாகத்தில் பள்ளமாக வர வேண்டுமானால், டையில் அந்த ஒரு கோட்டை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள எஃகை எல்லாம் எடுக்க வேண்டும். அதன் கஷ்டம் பின்வரிசை நண்பர்களுக்குத் தெரியும். இன்றைய கிட்டில் தலைமுடி மாதிரி பள்ளக் கோடு ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு விமானம் மறந்துவிடுகிறது.

இந்த விஷயத்தில் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துக்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை. டாமியா, ஹசெகாவா, அவோஷிமா எல்லாம் அந்த வட்டாரம்தான். டாமியா 1946-இல் மரக்கடையாகத் தொடங்கியது. 1951-இல் தீ விபத்தில் மரமெல்லாம் எரிந்துபோனது. மர மாடல்கள் செய்துகொண்டிருந்தவர்கள் 1960-இல்தான் பிளாஸ்டிக்குக்கு வந்தார்கள். நிறுவனரின் மகன் ஷுன்சாகு டாமியா எழுபதுகளில் போர்ஷே கார் மாடல் போட வேண்டும் என்று முடிவெடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால் ஒரு போர்ஷே காரை விலைக்கு வாங்கி அக்கக்காகப் பிரித்தார். இது எனக்கு அதிகப்படியாகத் தோன்றவே இல்லை. 2018-இல் அவர்கள் கொண்டுவந்த 1/48 ஸ்பிட்ஃபயர் கிட்டைப் பசை இல்லாமல் சேர்த்துப் பிடித்தாலே நிற்கிறது. அந்த இறுக்கம் எத்தனை மைக்ரான் விஷயம் என்று தெரிந்தவன் கையெடுத்துக் கும்பிடுவான்.

இப்போது என் பிரியமான போர் விமானத்துக்கு வருகிறேன். நேட். இந்தியர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அது எப்படிப்பட்ட விமானம் என்று மாடல் கட்டும்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஐம்பதுகளில் போர் விமானங்கள் கனத்துக்கொண்டே போயின. ஃபோலண்ட் கம்பெனியின் டெடி பெட்டர் என்ற வடிவமைப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. சின்னதாக, மலிவாக, நிறையச் செய்யக்கூடியதாக ஒரு ஜெட் போதும் என்று அடம்பிடித்தார். கான்பெரா குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த மனிதர் அவர், லேசுப்பட்டவர் இல்லை. 1955 ஜூலையில் நேட் பறந்தது. பிரிட்டிஷ் விமானப்படை சண்டை விமானமாக அதை வாங்கவே இல்லை. ஃபின்லாந்து கொஞ்சம் வாங்கியது. இந்தியாதான் 1956-இல் உரிமம் பெற்று, பெங்களூரில் எச்.ஏ.எல். மூலம் செய்து, 1965-லும் 1971-லும் அதை வைத்துச் சண்டை போட்டது. பெட்டரோ, சில ஆண்டுகளிலேயே விமானத் துறையை அடியோடு விட்டு, சுவிட்சர்லாந்துக்குப் போய் ஒரு மதக் குழுவில் சேர்ந்துவிட்டார். விட்டதற்குத் திரும்பி வராத ஆள். நம் பேச்சின் பொருளுக்கு விரோதமானவர்!

இறக்கையின் அகலம் சுமார் 6.7 மீட்டர், நீளம் 8.74 மீட்டர். 1/72-இல் இறக்கை ஒன்பதரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நீளம் பன்னிரண்டு. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால்தான், இதற்குள் ஒரு மனிதன் உட்கார்ந்து இவ்வளவு வேகத்தில் போனானா என்று தோன்றும்.

சக்கரத்தை ஒட்டும்போது ஒரு கேள்வி வந்தது. அந்தக் கால ஜெட் விமானங்கள் பலவற்றில் சக்கரம் இறக்கைக்குள் மடங்கும். இதற்கு உடலுக்குள் மடங்குகிறது. ஏன்? இறக்கையைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், விடை தெரியும். அதில் சக்கரம் வைக்க இடம் எங்கே இருக்கிறது? அடுத்தது, சக்கரக் காலோடு சேர்ந்து இறங்குகிற கதவுகள். வேகத்தைக் குறைக்க விமானங்களில் ஏர் பிரேக் என்று தனியாகப் பலகை இருக்கும். இதில் தேடினேன், இல்லை. அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்: சக்கரத்தைப் பாதி இறக்கினால் அந்தக் கதவுகளே பிரேக்காக வேலை செய்யும். ஒரு பாகத்துக்கு இரண்டு வேலை. எடையைக் குறைக்க மனுஷன் எப்படியெல்லாம் யோசித்திருக்கிறான்! புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருந்தால் கடந்து போயிருப்பேன். கதவை எந்தக் கோணத்தில் ஒட்டுவது என்று குறட்டைப் பிடித்துக்கொண்டு விழிக்கும்போது அந்த வரி உள்ளே இறங்கியது.

இரண்டாவது பெட்டிக்கு என் விடை இதுதான். இன்னொருவன் மூளை எந்தெந்த நெருக்கடியில் மாட்டி எப்படி வெளியே வந்தது என்பதை என் விரல் வழியாகத் தெரிந்துகொள்கிறேன். நிஜ விமானத்தை வடிவமைத்தவன் ஒருவன், அதை எழுபத்திரண்டில் ஒரு பங்காக்கி டை செய்தவன் இன்னொருவன். இரண்டு பேருக்கும் வேறு வேறு நெருக்கடி. வேலை செய்து ஓய்ந்தவனுக்குத்தான் அது பிடிபடும். நாற்பது வருடம் ஏதோ ஒரு வேலையில் மாட்டி வெளியே வந்த அனுபவம் வேண்டும்.

நம் ஆட்கள் ஒவ்வொருவரும் அவரவர் தொழிலோடுதான் திரும்பி வருகிறார்கள். வக்கீல் நண்பர் ஒருவர் இருக்கிறார். பசை போடுவதற்கு முன் புகைப்படங்களை வைத்துக்கொண்டு விசாரணை நடத்துவார். “இந்தப் போட்டோ எந்தத் தேதி? அந்தத் தேதியில் இந்த வால் எண் அந்த ஸ்குவாட்ரனில்தான் இருந்ததா?” என்பார். ஒரு விமானத்துக்கு ஆறு மாதம் வாய்தா. தையற்கடை நடத்தியவர் இன்னொருவர். உருமறைப்பு வண்ணத்துக்கு மாஸ்கிங் டேப் வெட்டுவதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. வளைந்த உடம்பின் மேல் தட்டையான டேப்பை எங்கே நறுக்கினால் சுருக்கம் விழாமல் படியும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

நேட் விஷயத்தில் ஒரு சங்கடமும் உண்டு. சுலபமாகக் கிடைக்கும் ஏர்ஃபிக்ஸ் நேட், இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். ஏனென்றால் பிரிட்டிஷ்காரர்களுக்கு நேட் என்றாலே 1965 முதல் 1979 வரை ரெட் ஆரோஸ் சாகசக் குழு ஓட்டிய சிவப்புப் பயிற்சி விமானம்தான் நினைவு. எந்த நாட்டுப் பையன் காசு கொடுக்கிறானோ அந்த நாட்டு நினைவுதான் டையாகும். நமக்கு வேண்டிய ஒற்றை இருக்கை நேட்டை அதிலிருந்து அறுத்துச் செய்யலாம் என்று கிளம்பினால் வேலை இழுக்கும். மாடல் அளவில் நீளத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். இறக்கையும் வேறு. பயிற்சி விமானத்தில், வேகம் குறையும்போது தாழ்த்தும் ஃபிளாப் உள்பக்கமும், விமானத்தைச் சாய்க்கும் ஏலரான் வெளிப்பக்கமுமாகத் தனித்தனி. சண்டை விமானத்தில் உள்பக்க ஏலரானே கீழே சரிந்து ஃபிளாப் வேலையும் பார்க்கும். மறுபடியும் ஒரு பாகத்துக்கு இரண்டு வேலை, பாருங்கள். நல்லவேளை, செக் நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். குறைந்த எண்ணிக்கையில் அடிக்கிற மலிவான டைகளை வைத்து, பெரிய கம்பெனிகள் தொடாத விமானங்களை அவர்கள் போடுகிறார்கள். நேட்டின் இந்திய வாரிசான அஜீத் கூட அப்படி வந்திருக்கிறது. அதில் பொருத்தும் முளைகள் இருக்காது, ராவிச் சேர்க்க வேண்டும். நமக்கென்ன, ராவுவதுதானே பிழைப்பாக இருந்தது.

இந்த ஊரில் நேட் கட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானதளத்தைப் பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் தாக்கியபோது, நேட்டில் மேலே ஏறிச் சண்டையிட்டு உயிர் நீத்தவர் ஃபிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகோன். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர். அவர் இருந்தது 18-ஆம் எண் ஸ்குவாட்ரனில். அதே ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர் பெற்றது எங்கே தெரியுமா? இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், சூலூரில். என் அலமாரியில் நேட்டும் தேஜஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒரே அளவில். பேத்தி பார்த்துவிட்டு, “அப்புச்சி, இது குட்டி, அது அம்மாவா?” என்றாள். வரிசை தலைகீழ் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஸ்டிக்கர் தாள் கூட வரலாறு சொல்லும். டெக்கால் என்போமே, தண்ணீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டுவது. டிஃபையண்ட் என்று ஒரு பிரிட்டிஷ் விமானம். முன்பக்கம் சுட துப்பாக்கியே கிடையாது, முதுகில் சுழலும் கூண்டில் நான்கு துப்பாக்கிகள். 1940-இல் அதை வைத்துப் போரிட்ட 264-ஆம் ஸ்குவாட்ரனின் அடையாள எழுத்து பி.எஸ். அந்த ஸ்குவாட்ரனின் முழுப் பெயரைத் தேடிப் பார்த்தால் அடைப்புக்குறிக்குள் ‘மதராஸ் பிரசிடென்சி’ என்று இருக்கிறது. போர் நிதிக்கு மதராஸ் மாகாணம் கொடுத்த பணத்துக்காக வைத்த பெயர். 79-க்கும் 234-க்கும் கூட அதே பெயர். கோயம்புத்தூர் ஜில்லாவும் அந்த மாகாணத்தில் இருந்ததுதானே. யார் யார் காசு அந்த இறக்கையில் இருந்ததோ.

இனி கொஞ்சம் நடைமுறை. திரும்பி வர நினைப்பவர்கள் இங்கே இருந்தால் இது அவர்களுக்கு.

பெரும்பாலான சாமான் உள்ளூரிலேயே கிடைக்கும். பிளேடுக்கு மெடிக்கல் ஷாப் போங்கள். சர்ஜிக்கல் பிளேடு 11-ஆம் நம்பர், அதற்கு 3-ஆம் நம்பர் கைப்பிடி. வாட்டர் பேப்பர் 400, 600, 1000 எல்லாம் கார் பெயிண்ட் கடையில் உண்டு. பட்டி பார்க்க என்.சி. புட்டியும் அங்கேயே இருக்கிறது. ஆனால் அதில் உள்ள தின்னர் பிளாஸ்டிக்கை இளக்கும். தடவினால் மெல்லிசாக, காயவிட்டுக் காயவிட்டுத் தடவ வேண்டும். கண்ணாடிக் கூரைக்கு சூப்பர் குளூ கூடவே கூடாது, அதன் புகை பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். அதற்கு நம் ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும். நேட் மாதிரி மூக்குக்கடியில் சக்கரம் உள்ள விமானத்துக்கு மூடும் முன்பே மூக்குக்குள் தூண்டில் ஈயம் வையுங்கள். இல்லாவிட்டால் வால் தரையில் உட்காரும்.

பசை மட்டும் நல்லதாக வாங்குங்கள். மெல்லிய திரவப் பசையைப் பிரஷ் நுனியால் விளிம்பில் தொட்டால் போதும், இடுக்கு வழியாகத் தானே ஓடிப் பரவும். அது ஒட்டுவதில்லை, இரு பக்கத்து பிளாஸ்டிக்கையும் உருக்கி ஒன்றாக்குகிறது. வெல்டிங் மாதிரிதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஸ்பிரே அடித்தால் முகமூடி போடுங்கள். ஐப்பசி மழையில் லாக்கர் அடிக்காதீர்கள், ஈரம் பிடித்து வெளுத்துப்போகும்.

கண்ணைப் பற்றி வருந்த வேண்டாம். நாற்பதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் உள்ளது. வாட்ச் ரிப்பேர்க்காரர் மாட்டுகிற லென்ஸோ, தலையில் மாட்டுகிற பூதக்கண்ணாடியோ எடுத்துக்கொண்டால் பையன் வயதைவிட நன்றாகவே தெரியும்.

அடுத்தது, வாங்கிக் குவிக்கும் வியாதி. பையனாக இருந்தபோது நேரம் இருந்தது, காசு இல்லை. இப்போது ஓரளவு காசு இருக்கிறது என்ற தைரியத்தில் நேரத்தையும் சேர்த்து வாங்கிவிடலாம் என்று மனம் நம்புகிறது. பெட்டி மேல் பெட்டி. பீரோவுக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே. வீட்டுக்காரம்மா கேட்டால் “இது போன வருஷமே வாங்கினது” என்று ஒரு பதில். ஆயுள் நூற்றைம்பது என்று எழுதி வாங்கியிருந்தாலும் கட்டி முடிக்காத அளவு சரக்கு சிலரிடம் இருக்கிறது. ஒன்று வாங்குங்கள். புதிய டையில் போட்ட, பாகம் குறைந்த, ஒற்றை எஞ்சின் விமானம். பிரஷ்ஷாலேயே வண்ணம் அடியுங்கள். ஏர் பிரஷ், கம்ப்ரசர் எல்லாம் மூன்றாவது நான்காவதுக்குப் பார்க்கலாம். முதலாவது சுமாராக வந்தாலும் முடிந்த விமானம் முடிந்த விமானம்தான்.

நுணுக்க வெறியிலும் ஜாக்கிரதை. 1/72-இல் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் என்பது நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர் கனத் தகடு. அவ்வளவு தடித்த இறக்கை விளிம்போடு எந்த விமானமும் பறக்காது. ஆகவே விளிம்பை ராவி மெல்லிசாக்குவது நியாயம். ஆனால் ரிவெட்? மாடலை நாம் கை எட்டுகிற தூரத்தில், அறுபது சென்டிமீட்டரில் வைத்துப் பார்க்கிறோம். நிஜத்தில் அது 43 மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் ரிவெட் யாருக்குத் தெரியும்? ஆயிரக்கணக்கில் ஊசியால் குத்திக் குத்தி ரிவெட் போடுகிற அன்பர்கள் உண்டு. அவர்கள் பொறுமைக்கு வணக்கம். எனக்கு அது விமானமாகத் தெரிவதில்லை, அம்மை போட்ட விமானமாகத் தெரிகிறது.

வண்ணத்தைப் பற்றி நான் பேசவே போவதில்லை. எந்தப் பச்சை சரியான பச்சை என்பதில் நட்பு முறிந்திருக்கிறது.

இங்கே மேசையில் ஒரு பழைய கிட்டின் ஸ்ப்ரூவும் புதிய கிட்டின் ஸ்ப்ரூவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முடித்த நேட்டும் இருக்கிறது. தொட்டுப் பார்க்கலாம். கண்ணாடிப் பாகத்தை மட்டும் விரலால் தொடாமல் ஓரத்தைப் பிடியுங்கள், ரேகை விழுந்தால் போகாது. கேள்வி இருந்தால் அங்கேயே நின்று பேசலாம். பின்வரிசை ஃபிட்டர்கள் முதலில் வரட்டும், டையின் இரு பாதிகள் சேரும் அந்தப் பார்ட்டிங் லைனை எப்படி ஒளித்திருக்கிறான் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.